டேப் திறந்தால் நினைவகம் ஏன் கரைகிறது

கணினி திணறும்போது பலரும் செய்கிற முதல் வேலை, எந்த மென்பொருள் எவ்வளவு நினைவகம் எடுக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்ப்பது. பட்டியலின் உச்சியில் பெரும்பாலும் பிரவுசர்தான் உட்கார்ந்திருக்கும். அதுவும் ஒரு வரியோடு நிற்காது. ஒரே பெயர் இருபது முப்பது வரிகளுக்கு நீளும். திறந்திருப்பதோ எட்டே எட்டு டேப். இத்தனை ஜிபியை எதற்குத் தின்கிறது இந்தச் சனியன் என்று எரிச்சல் வருவது இயல்பு. நானும் பல வருடம் அப்படித்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பிரவுசர் எழுதுகிறவர்களுக்குச் சிக்கனம் என்றால் என்னவென்றே தெரியாது என்பது என் தீர்ப்பு.

தீர்ப்பு தப்பு. அந்த நினைவகத்தைக் கொடுத்து நாம் வேறொன்றை வாங்கியிருக்கிறோம். யாரும் ரசீது தரவில்லை, அவ்வளவுதான். அன்றாடம் புழங்கும் மென்பொருளில் குறை என்று நாம் நினைக்கிற பலதும் இந்த மாதிரிக் கொடுக்கல் வாங்கல்தான். வேகம், நினைவகம், பேட்டரி, பாதுகாப்பு, அந்தரங்கம் எல்லாமே ஒரே பையிலிருந்து எடுக்கிற காசு. எதில் கூட்டுவது, எதில் குறைப்பது என்று யாரோ ஒருவர் நமக்காக முன்கூட்டியே முடிவு செய்து, அதை டீஃபால்ட் ஆக்கி வைத்திருக்கிறார்.

பிரவுசர் கதையிலிருந்தே தொடங்கலாம்.

2008 செப்டம்பரில் கூகுளின் குரோம் வருவதற்கு முன், பரவலாகப் புழங்கிய பிரவுசர்களில் எல்லா டேப்களும் ஒரே புராசஸுக்குள் ஓடின. இயங்குதளம் ஒரு மென்பொருளுக்கு ஒதுக்கிக் கொடுக்கும் அறை என்று புராசஸை வைத்துக்கொள்ளலாம். அதற்கென்று நினைவகம், அதற்கென்று சுவர். எல்லா டேப்களும் ஒரே அறையில் குடியிருந்தால் சாமான்களைப் பகிர்ந்துகொள்ளலாம், நினைவகம் மிச்சம். ஆனால் ஒரு பக்கத்தோடு வரும் சிறு நிரல், அதாவது ஸ்கிரிப்ட், எங்காவது சுற்றி மாட்டிக்கொண்டால் மொத்தப் பிரவுசரும் உறைந்துவிடும். ஏதோ ஒரு மூலையில் ஓடிய ஃப்ளாஷ் விளம்பரம் கவிழ்ந்து, பாதி எழுதியிருந்த மின்னஞ்சலையும் கூட இழுத்துக்கொண்டு போனது அந்தக் காலத்து ஆட்களுக்கு நினைவிருக்கும்.

குரோம் டேப்களைத் தனித்தனி அறைகளுக்குப் பிரித்தது. ஒன்று கவிழ்ந்தால் மற்றவை பிழைத்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய மாற்றம் இன்னொன்று: பக்கத்தை ஓட்டும் புராசஸுக்கு உங்கள் கோப்புகளைத் தொடும் உரிமை கிடையாது. எது வேண்டுமானாலும் பிரவுசரின் தலைமைப் புராசஸிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கெட்ட எண்ணத்தோடு எழுதிய பக்கம் ஏதாவது ஓட்டையைக் கண்டுபிடித்து நுழைந்தாலும், ஒரு வெற்று அறைக்குள் சிக்கி நிற்கும். இதற்கு விலை, அந்த ஸ்கிரிப்ட்களை ஓட்டும் ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரம் போன்ற தட்டுமுட்டுச் சாமான்களை ஒவ்வொரு அறையிலும் தனியாக வைத்தாக வேண்டும். ஃபயர்பாக்ஸ் இந்த வழிக்கு 2016இல்தான் வரத் தொடங்கியது.

இதோடு நின்றிருந்தால்கூட நினைவகச் செலவு ஓரளவு அடங்கியிருக்கும். ஆனால் 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. இது மென்பொருளின் பிழையே கிடையாது. கணினியின் மூளையான பிராசசர்கள் வேகத்துக்காகக் கையாண்ட ஒரு தந்திரத்தின் பக்கவிளைவு. அடுத்து எந்தக் கட்டளை வரும் என்று பிராசசர் ஊகித்து, வேலையை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளும். ஊகம் தவறினால் செய்ததைத் தூக்கிப் போட்டுவிடும். போட்டாலும், பிராசசர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் கேஷ் நினைவகத்தில் அதன் தடம் மிஞ்சும். ஒரு தகவலை எடுக்க எவ்வளவு நேரமாகிறது என்று நுட்பமாக அளந்தே அந்தத் தடத்தைப் படித்துவிடலாம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரே புராசஸுக்குள் இருக்கும் எதையும், உள்தடுப்புகளைத் தாண்டி, ஒரு வலைப்பக்கத்து ஸ்கிரிப்ட் எட்டிப் பார்க்க முடியும் என்பதே இதன் பொருள்.

பிரவுசர்காரர்கள் அவசரத்துக்கு முதலில் கடிகாரத்தை மங்கலாக்கினார்கள். பக்கங்களுக்குக் கிடைக்கும் நேர அளவின் துல்லியத்தைக் குறைத்தார்கள். துல்லியம் இல்லையென்றால் அளப்பது கஷ்டம். ஆனால் நிலையான தீர்வு ஒன்றுதான்: வெவ்வேறு தளங்களை ஒரே அறையில் வைக்கக் கூடாது. அதே வருடம் குரோமின் 67ஆம் பதிப்பில், கணினிகளுக்கு அது டீஃபால்ட் ஆனது. அன்றிலிருந்து ஒரு டேப்புக்கு ஒரு அறை என்ற கணக்கும் போய்விட்டது. நீங்கள் படிக்கும் செய்திப் பக்கத்துக்குள் வேறொரு தளத்து வீடியோவும் இன்னொரு தளத்து விளம்பரமும் இருந்தால், அவற்றுக்கும் தனி அறை. எட்டு டேப்புக்கு முப்பது வரி வருவது இதனால்தான். நடைமுறையில் 10 முதல் 13 சதவீதம் நினைவகம் கூடுதலாகப் போகும் என்று கூகுளே அப்போது சொன்னது. ஃபயர்பாக்ஸும் 2021இல் அதே முறைக்கு வந்தது.

ஆண்ட்ராய்டு போனில் இந்தக் கணக்கு எப்படிப் போனது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் சுவாரசியமான இடம். போனில் அவ்வளவு நினைவகம் ஏது? 2019இல் குரோம் 77 வந்தபோது, பாஸ்வேர்ட் போட்டு உள்ளே நுழையும் தளங்களுக்கு மட்டும் தனி அறை என்று வைத்தார்கள். அதுவும் குறைந்தது 2 ஜிபி நினைவகம் (ரேம்) உள்ள போன்களில் மட்டும். அதற்குக் கீழே இருந்த போன்களுக்கு அந்தச் சுவர் கிடையாது. நினைவகத்துக்கும் பாதுகாப்புக்கும் நடுவே யாரோ ஒரு பொறியாளர் கோடு போட்டிருக்கிறார்; கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பது போன் வைத்திருந்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

சரி, நினைவகம் நிரம்பினால் என்ன செய்வது? காலியாகக் கிடக்கும் நினைவகத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். இயங்குதளங்கள் வேண்டுமென்றே அதை நிரப்பி வைக்கின்றன, அடுத்து கேட்டால் சட்டென்று எடுத்துக் கொடுக்கலாம் என்று. கஷ்டம் தொடங்குவது உண்மையிலேயே இடம் போதாதபோதுதான். அப்போது பிரவுசர் பார்க்காத டேப்களைத் தூங்க வைக்கும். மைக்ரோசாஃப்ட்டின் எட்ஜும் ஃபயர்பாக்ஸும் 2021இலும், குரோம் 2022 கடைசியிலும் இந்த வசதியை உள்ளேயே கொடுத்தன. தூங்கும் டேப் பட்டியலில் தெரியும். ஆனால் ஃபயர்பாக்ஸிலும் குரோமிலும் பக்கம் நினைவகத்தில் இருக்காது. தொட்டதும் மறுபடி இணையத்திலிருந்து இறக்கும். ஆக, நினைவகத்தை மிச்சம் பிடித்து டேட்டாவையும் நேரத்தையும் செலவழிக்கிறோம்.

போனில் இந்த வசதி நம்மைக் கேட்காமலே நடக்கிறது. ஒரு நீண்ட விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். குறுஞ்செய்தியில் வந்த ஓடிபியைப் பார்க்க வெளியே போனேன். அப்படியே ஒரு ஆவணத்தைப் படமெடுக்கக் கேமராவையும் திறந்தேன். கேமரா பெரிய தீனிக்காரன். திரும்பி வந்தால் பக்கம் வெள்ளையாகச் சுழன்று, முதல் கட்டத்திலிருந்து பெயரைக் கேட்டது. அப்புறம் ஒரு பழக்கம் வந்துவிட்டது: நீளமாக எழுத வேண்டியதை நோட்ஸ் ஆப்பில் எழுதி, கடைசியில் ஒட்டுவது.

பிரவுசர்கள் இதை உள்ளேயே கொடுப்பதற்கு முன்னால் இதே வேலையை எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரோடு நாம் சேர்த்துக்கொள்ளும் குட்டி மென்பொருள்கள், செய்தன. அதில் பேர்போனது ‘தி கிரேட் சஸ்பெண்டர்’. இருபது லட்சம் பேருக்கு மேல் நிறுவியிருந்தார்கள். 2020இல் அதை உருவாக்கியவர், யாரென்று தெளிவாகத் தெரியாத ஒரு தரப்புக்கு விற்றுவிட்டார். எக்ஸ்டென்ஷன்கள் தாமாகவே அப்டேட் ஆகும் என்பதால், வீட்டுச் சாவி கைமாறியது வீட்டுக்காரர்களுக்குத் தெரியவில்லை. 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தீங்கு செய்யும் மென்பொருள் என்று அறிவித்து, நிறுவியிருந்தவர்களின் பிரவுசரிலிருந்தே முடக்கியது. தூங்கிக்கொண்டிருந்த டேப்கள் எல்லாம் ஒரே நொடியில் மாயமாகின. நினைவகத்தை மிச்சம் பிடிக்கப் போனவர்கள் நம்பிக்கையைக் கொடுத்திருந்தார்கள்.

இங்கே ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு நாம் என்ன அனுமதி கொடுக்கிறோம் என்று யோசிக்க வேண்டும். ‘எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்’ என்று ஒரு வரி வரும். படிக்காமல் சரி கொடுத்துவிடுகிறோம். விளம்பரத் தடுப்பான் வேலை செய்ய அந்த அனுமதி தேவைதான். பக்கம் எங்கெல்லாம் ஆள் அனுப்பிப் பொருள் எடுக்கிறது என்று பார்த்தால்தானே வேண்டாததை வாசலிலேயே மறிக்க முடியும்? ஆனால் அதே அனுமதியோடு உங்கள் வங்கிப் பக்கத்தையும் அது பார்க்கலாம். நல்லவர் கையில் காவல், கெட்டவர் கையில் கன்னக்கோல்.

குரோம் இதற்குக் கொண்டுவந்த மாற்றம்தான் மேனிஃபெஸ்ட் வி3 என்ற புதிய எக்ஸ்டென்ஷன் விதிமுறை. பழைய முறையில் எக்ஸ்டென்ஷன் ஒவ்வொரு கோரிக்கையையும் தானே பார்த்து, விடுவதா மறிப்பதா என்று முடிவெடுக்கும். புதிய முறையில் அது விதிகளின் பட்டியலை மட்டும் பிரவுசரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டும். பார்த்து மறிப்பது பிரவுசரின் வேலை. பாதுகாப்பும் வேகமும் கூடும் என்றது கூகுள். போனது, சூழ்நிலைக்கு ஏற்ப நுணுக்கமாக மறிக்கும் திறன். 2024இல் தொடங்கி 2025க்குள் பழைய முறை எக்ஸ்டென்ஷன்கள் குரோமில் அணைக்கப்பட்டன. யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானின் முழு வடிவம் அங்கே ஓடாது. ‘லைட்’ என்ற மெலிந்த வடிவம்தான். ஃபயர்பாக்ஸ் பழைய முறையையும் தக்கவைத்திருக்கிறது.

விளம்பரத்தில் சம்பாதிக்கும் நிறுவனம் விளம்பரத் தடுப்பானின் கையைக் கட்டியதைப் பார்த்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். சொல்லப்பட்ட பாதுகாப்புக் காரணம் உண்மை என்றுதான் நினைக்கிறேன். கிரேட் சஸ்பெண்டர் கதையே சாட்சி. அந்தக் காரணம் நிறுவனத்தின் கல்லாவுக்கும் தோதாக அமைந்தது என்பதும் உண்மை.

பிரவுசரை மாற்றிக்கொண்டால் போதாதா என்றால், பெயரை மாற்றுவது எளிது, உள்ளே இருந்து பக்கத்தை வரைந்து காட்டும் இயந்திரத்தை மாற்றுவதுதான் கடினம். ஓபரா 2013இலும் எட்ஜ் 2020இலும் தங்கள் சொந்த இயந்திரத்தைக் கைவிட்டு, குரோம் எதன்மேல் கட்டப்பட்டதோ அதே குரோமியத்துக்கு வந்துவிட்டன. ஐபோனில் எந்தப் பெயரில் பிரவுசர் போட்டாலும் உள்ளே ஆப்பிளின் வெப்கிட்தான் ஓட வேண்டும் என்பது விதி. 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அது முதலில் தளர்ந்தது. எல்லாத் தளமும் எல்லாப் பிரவுசரிலும் ஒரே மாதிரி வேலை செய்வது வசதிதான். அதற்கு விலை, ஓரிரு நிறுவனங்கள் எடுக்கும் முடிவு எல்லார் வீட்டுக்கும் வந்து சேர்வது.

போனுக்கு வருவோம். சமீபத்தில் திறந்த ஆப்களின் வரிசையைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக மேலே தள்ளி மூடுவது பலருக்குக் கைப்பழக்கம். பேட்டரி மிச்சமாகும் என்று நம்பிக்கை. பெரும்பாலும் நடப்பது எதிர்மாறு. அந்த வரிசையில் தெரியும் ஆப்களில் பெரும்பாலானவை ஓடுவதே இல்லை. உறைந்த நிலையில் நினைவகத்தில் கிடக்கின்றன. உறைந்ததை எழுப்புவது சுலபம். தள்ளி மூடியதை மறுபடி திறந்தால், அடியிலிருந்து எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். அதற்குத்தான் பேட்டரி செலவு. 2016இல் ஆப்பிளின் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி ஒரு பயனரின் கேள்விக்கு, இப்படி மூடத் தேவையில்லை என்று பதில் எழுதினார். கூகுளில் ஆண்ட்ராய்டைக் கவனித்துவந்த ஹிரோஷி லாக்ஹைமரும் அதையே சொன்னார். ஏதாவது ஒரு ஆப் சிக்கித் தகராறு செய்தால் அதை மட்டும் மூடினால் போதும்.

டார்க் மோடும் இந்த மாதிரி பாதி உண்மைதான். ஓலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும்; கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்தே இருக்கும். எல்சிடியில் பின்விளக்கு எப்படியும் எரியும், அங்கே லாபம் இல்லை. ஓலெடிலும், சாதாரணமாக நாம் வைக்கும் 30 முதல் 50 சதவீத வெளிச்சத்தில் மிச்சமாவது 3 முதல் 9 சதவீதம்தான் என்று 2021இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் அளந்தார்கள். முழு வெளிச்சத்தில்தான் 39 முதல் 47 சதவீதம். கண்ணுக்கு இதமாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியை அது காப்பாற்றும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பேட்டரியை உண்மையிலேயே காப்பாற்றியது கண்ணுக்குத் தெரியாத வேறொரு ஏற்பாடு. போனில் ஐம்பது ஆப் இருக்கிறது, ஒவ்வொன்றும் “எனக்குப் புதுச் செய்தி உண்டா?” என்று தன் சர்வரைக் கேட்டுக்கொண்டே இருந்தால் போனின் ரேடியோ தூங்கவே தூங்காது. அதனால் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே ஒரு தொடர்பு. ஐபோனில் ஆப்பிளின் சர்வரோடு, ஆண்ட்ராய்டில் கூகுளின் சர்வரோடு. செய்தி வந்தால் ஆப்பின் சர்வர் அவர்களிடம் கொடுக்கும், அவர்கள் நம் போனைத் தட்டி எழுப்புவார்கள். 2009இல் ஐபோனில் தொடங்கிய இந்த முறை இல்லாவிட்டால் இன்றைய போன்கள் மாலை வரை தாங்குவது சந்தேகமே.

ஆனால் எல்லாத் தபாலும் ஒரே தபால் நிலையம் வழியாகப் போகும்போது, எந்த ஆப்பிலிருந்து யாருக்கு எப்போது தட்டல் போனது என்பது அங்கே பதிவாகும். உள்ளே இருப்பதைப் படிக்க முடியாவிட்டாலும் உறையின் மேல் எழுதியிருப்பது தெரியும். 2023 டிசம்பரில் அமெரிக்க செனட்டர் ரான் வைடன் எழுதிய கடிதம் ஒன்றில்தான், அரசுகள் ஆப்பிளிடமும் கூகுளிடமும் இந்தப் பதிவுகளைக் கேட்டு வாங்குவது வெளியே தெரிந்தது. பேட்டரிக்காகச் செய்த ஏற்பாடு அந்தரங்கத்தில் போய் இடிக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்? சிக்னல் போன்ற செய்தி ஆப்கள் தட்டலை மட்டும் அனுப்புகின்றன, உள்ளே ஒன்றும் வைப்பதில்லை. எழுந்த ஆப் தானே போய்ச் செய்தியை எடுத்துவரும். தட்டிய நேரம் அப்போதும் தெரியும்தான்.

அந்தரங்கத்தைக் கூட்டினாலும் பில் வரும், அது வேறு இடத்தில் வரும். வாட்ஸ்அப் 2016இல் எல்லா உரையாடல்களுக்கும் அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டுமே படிக்கும்படி, முனையிலிருந்து முனைவரை பூட்டுப் போட்டது. ஆனால் கூகுள் டிரைவிலும் ஐகிளவுடிலும் ஏறிய பேக்கப், அதாவது உரையாடல்களின் காப்பு நகல், அந்தப் பூட்டுக்கு வெளியே இருந்தது. முன்வாசலுக்குப் பூட்டு, கொல்லைப்புறம் திறந்தபடி. 2021இல் பேக்கப்பையும் பூட்டும் வசதி வந்தது. பாஸ்வேர்ட் ஒன்று வைக்கலாம், அல்லது 64 இலக்கச் சாவி ஒன்றைப் பத்திரப்படுத்தலாம். அதைத் தொலைத்தால் வாட்ஸ்அப்பே நினைத்தாலும் திறந்து தர முடியாது. வேறு யாராலும் படிக்க முடியாது என்பதன் மறுபக்கம், மறந்தால் உதவிக்கு யாரும் வர முடியாது என்பது. பாஸ்வேர்டை அடிக்கடி மறக்கிற ஒருவருக்கு இந்தப் பூட்டைப் போடச் சொல்லும் முன் நான் இரண்டு தடவை யோசிப்பேன். அவருடைய உண்மையான ஆபத்து ஒற்றர்கள் அல்ல, தண்ணீரில் விழும் போன்.

அப்டேட் விஷயத்தில் இரண்டு தேதிகள் போதும். 2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸின் ஒரு ஓட்டைக்கு ஒட்டு வெளியிட்டது. மே மாதம் 12ஆம் தேதி, அந்த ஒட்டைப் போடாமல் விட்ட கணினிகளில் வான்னாகிரை என்ற பணம் பறிக்கும் மென்பொருள் புகுந்து கோப்புகளைப் பூட்டியது. தள்ளிப் போட்டதன் விலை அது. 2024 ஜூலை 19ஆம் தேதி, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தானியங்கியாக அனுப்பிய ஒரு பிழையான கோப்பு ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை இயங்க முடியாமல் நீலத்திரையில் நிறுத்தியது. உடனுக்குடன் வாங்கியதன் விலை இது. ஆனால் இரண்டும் சம எடை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டாவது வகை விபத்து அரிது, முதல் வகை ஆபத்து தினமும் இருப்பது. பாதுகாப்பு ஒட்டு என்றால் அன்றே போடுகிறேன். முகம் மாறும் பெரிய பதிப்பு என்றால் ஒரு வாரம் விட்டுப் பார்க்கிறேன். பிறர் கால் வைத்துப் பார்க்கட்டும்.

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் எனக்கு மனதில் நிற்பது ஐபோன் பேட்டரிக் கதை. லித்தியம் அயன் பேட்டரி வயதாக ஆக, திடீரென்று அதிக மின்சாரம் கேட்டால் கொடுக்கத் திணறும். மின்னழுத்தம் சரிந்து, 30 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே போன் அணைந்துவிடும். இதைத் தடுக்க ஆப்பிள் 2017 தொடக்கத்தில் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 10.2.1இல் ஒரு வழி செய்தது. பேட்டரி தளர்ந்த போன்களில் பிராசசரின் உச்ச வேகத்தைக் குறைத்தது. பொறியியலாகப் பார்த்தால் நியாயமான பேரம்: வழியில் செத்துப் போவதைவிட மெதுவாக நடப்பது மேல். ஆனால் அந்தப் பேரத்தை யாருக்கும் புரியும்படி சொல்லவில்லை. புது மாடலை வாங்க வைக்கத்தான் பழையதை மெதுவாக்குகிறார்கள் என்று பலர் ஏற்கனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த டிசம்பரில் வேகச் சோதனை அளவுகளை வைத்து விஷயம் வெளியே வந்ததும், ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தைக் குறைத்தது. 2020இல் பிரான்ஸின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு 250 லட்சம் யூரோ அபராதம் போட்டது. பயனர்களுக்குச் சொல்லாமல் விட்டதுதான் அங்கே குற்றம்.

2018 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 11.3இல் பேட்டரியின் நலத்தைக் காட்டும் பக்கமும், அந்த வேகக் குறைப்பை நாமே அணைக்கும் வழியும் வந்தன. அதே பேரம்தான், இந்தத் தடவை கண்முன்னே. ஒரு சின்ன நிபந்தனை மட்டும் உண்டு. ஒரு முறை அணைத்துவிட்டால் நாமாக அதை மறுபடி போட முடியாது. அடுத்து எப்போதாவது போன் திடீரென்று அணைந்தால், அது தானாக மீண்டும் வேலைக்கு வந்துவிடும்.